பட்டறைக்குத் திரும்பிய துருத்தி: கான்செர்டினாத் தொழிலின் வரலாற்றுப் போக்கு

கைத்தொழில் முந்தியது, ஆலை பிந்தியது என்பது நமக்குப் பழகிப்போன வரிசை. கான்செர்டினா என்னும் சிறு துருத்தி வாத்தியத்தின் விஷயத்தில் இது பெருமளவு தலைகீழாகிவிடுகிறது. மரம் அறுப்பது முதல் சுருதி சேர்ப்பது வரை ஓரிருவரே ஒரு சிறு பட்டறையில் செய்து முடிக்கும் இன்றைய முறை, பெரும்பாலும் ஆலைகள் மூடப்பட்ட பிறகு வேரூன்றியது.

ஆங்கிலக் கான்செர்டினாவை உருவாக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டன். மின்தந்தியால் புகழ்பெற்ற அதே இயற்பியலாளர். அதன் முன்னோடியான சிம்ஃபோனியத்துக்கு 1829-இலும், கான்செர்டினாவுக்கு 1844-இலும் காப்புரிமை பெற்றார். இடையில், 1834-இல், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃபிரீட்ரிக் ஊலிக் வேறொரு வகையைச் செய்தார். அதில் ஒரே பொத்தான் துருத்தியை அமுக்கினால் ஒரு சுரமும் இழுத்தால் வேறொரு சுரமும் தரும். வீட்ஸ்டன் கருவியிலோ இரண்டுக்கும் ஒரே சுரம். ஒவ்வொரு திசைக்கும் தனி நாக்கு என்பதால் 48 பொத்தான்களுக்கு 96 உலோக நாக்குகள் வேண்டும். நம் ஆர்மோனியப் பெட்டிக்குள் அதிர்வதும் இதே இனத்து நாக்குதான்.

வீட்ஸ்டன் நிறுவனத்தின் விற்பனைப் பேரேடுகள் இன்று லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. வாங்கியோர் பட்டியலில் பெண்கள் பெயர் ஏராளம். தொடக்கத்தில் அது வசதி படைத்த வீடுகளின் வாத்தியம். உறுப்புகளைத் தனித்தனிக் கைவினைஞர்கள் செய்துகொடுத்தனர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த லூயி லாஷனால் எந்திரங்களைப் புகுத்தி உற்பத்தியைப் பெருக்கினார். பின்பு அவர் தொடங்கிய சொந்த நிறுவனத்தின் தொடர் எண்கள் லட்சத்தைத் தாண்டின. விலை இறங்கியது, தொழிலாளர் வீடுகளுக்கும் சால்வேஷன் ஆர்மி என்னும் கிறிஸ்தவ அமைப்பின் தெருப்பாடல்களுக்கும் கருவி போய்ச் சேர்ந்தது.

ஆயினும் அந்த ஆலைக்குள்ளும் கைவேலை ஒழியவில்லை. பழைய கருவியைத் திறந்தால் நாக்குப் பலகை, நெம்புகோல் பலகை, துருத்திச் சட்டம் எல்லாவற்றிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் கச்சிதமாகப் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முதல் உலகப் போருக்குப் பின் அக்கார்டியனும் கிராமஃபோனும் சந்தையைப் பிடித்தன. 1930-களில் லாஷனால் நிறுவனம் மறைந்தது. வீட்ஸ்டன் ஆலையின் பழைய உற்பத்தியும் 1960-களோடு ஏறத்தாழ ஓய்ந்தது. பிரிட்டனில் நாட்டார் இசை மறுமலர்ச்சி அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. கருவி தேடுவோர் பெருக, புதியது கிடைக்கவில்லை. பழையவற்றைப் பழுதுபார்த்தவர்களே பிரித்துப் பார்த்துக் கற்றுச் செய்பவர்களானார்கள். வேலைப் பிரிவினையாலும் எந்திரத்தாலும் சிதறிக் கிடந்த வேலைகள் ஒரே மேசைக்கு வந்தன.

துருத்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அறுகோண வடிவில் ஆறு மடிப்பு என்றால் 72 அட்டைத் துண்டுகள். துணிக் கீலால் அவற்றை இணைத்து, ஓரம் மெலிதாகச் சீவிய ஆட்டுத்தோலை மூலைதோறும் ஒட்ட வேண்டும். ஒரு மூலை தடித்தாலும் துருத்தி முழுதாக மூடாது.

அதைவிட நுட்பமானது நாக்கு. எஃகுத் தகட்டைப் பித்தளைச் சட்டத்தின் துளைக்கு மேல் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்; இரு பக்கமும் மயிரிழை போன்ற ஒளி சமமாகத் தெரிய வேண்டும். இடைவெளி கூடினால் காற்று வீணாகும். உரசினால் நாக்கு ஊமையாகும். நுனியில் அரம் போட்டால் சுருதி ஏறும், அடியில் போட்டால் இறங்கும். உரசலின் சூடு ஆறும்வரை காத்திருந்துதான் காதால் சோதிக்க முடியும்.

இந்த அறிவை ஆலைகள் ஏட்டில் அதிகம் எழுதி வைக்கவில்லை. உலோகத்தில் அது தங்கியிருக்கிறது. நூறாண்டு கடந்த ஒரு நாக்கை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், முன்பு சுருதி சேர்த்தவரின் அரத்தடங்கள் நுனியில் குறுக்காகத் தெரியும். சில கருவிகளில் அவற்றின் மேல் வேறு கோணத்தில் இன்னொருவரின் தடங்கள். இன்றைய கைவினைஞர் அவற்றைப் பார்த்துவிட்டே தம் அரத்தை எங்கே வைப்பது என்று முடிவுசெய்கிறார்.