ஆபரேஷன் ஒரு நாள், பேச்சு பல மாதம்

'பாப்பா' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உதடு மூடுகிறது, வாய்க்குள் காற்று அடைபடுகிறது, பிறகு வெடித்து வெளியே வருகிறது. மேல் அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைக்கு அந்தக் காற்று மூக்கு வழியே போய்விடும். 'பாப்பா' கிட்டத்தட்ட 'மாம்மா' ஆகிவிடும்.

"ஆபரேஷன் பண்ணியாச்சு, இனிமே பேச்சு வந்துடும்"னு வீட்டில் நினைப்பாங்க. பல பிள்ளைகளுக்கு வந்துவிடும். சில பிள்ளைகளோ அதற்குள் காற்றைத் தொண்டையிலேயே நிறுத்திப் பேசப் பழகியிருக்கும். அந்தப் பழக்கம் தையல் போட்டு மாறாது. வாராவாரம் பயிற்சி வேண்டும்.

அதை யார் கொடுப்பது? மைசூரில் அகில இந்திய பேச்சு, கேள்வி நிறுவனம் 1965-இல் தொடங்கியது. பிறகு பல கல்லூரிகளில் படிப்பு வந்தது. ஆனால் படித்தவர்கள் பெரும்பாலும் நகரத்தில்தான் இருந்தார்கள். காணை பக்கத்துக் கிராமத்துத் தாய் விழுப்புரம் வந்து, அங்கிருந்து சுமார் 160 கி.மீ. சென்னைக்குப் போகணும். ஒரு நாள் கூலி போச்சு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் போச்சு. இரண்டு தடவை போவாங்க. மூணாவது தடவை நின்னுடும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியை நம் பக்கத்து மாவட்டங்களில் பார்க்கலாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகம், கனடாவின் 'டிரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ்' அமைப்புடன் சேர்ந்து, 2000-களின் நடுவிலிருந்து திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் இறங்கி வேலை செய்தது. பிளவுள்ள குழந்தைகளைக் கண்டறிய உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பேச்சுக்கும் அதே வழிதான். எந்த ஒலியை முதலில் திருத்துவது என்று நிபுணர் தீர்மானிப்பார். முகாமில் கற்றதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்.

பள்ளிப் பக்கமும் கதவு திறந்தது. 2001-இல் தொடங்கிய சர்வ சிக்ஷா அபியான் மூலம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியர்கள் ஒன்றிய அளவுக்கு வந்தார்கள். 2016 சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை ஊனங்களின் பட்டியலில் தனியாகச் சேர்த்தது.

ஆனாலும் முதல் அடி வகுப்பறையில்தான். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தலைகுனியும் பிள்ளையை 'மந்தம்' என்று எழுதிவிட்டால், எந்தப் பல்கலைக்கழகமும் அதைத் தேடி வராது. "இவன் 'ப' சொல்றப்ப காற்று மூக்குல போகுதே" என்று ஒரு டீச்சர் கவனித்தால் போதும், மிச்சத்துக்கு இன்று ஆள் இருக்கிறார்கள்.