ஒரு வீட்டின் பிரமை

சிவகிரிப் பக்கத்து ஊர்களில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால், "குற்றாலத்துக்கு அழைத்துப்போய் அருவியில் நிறுத்துங்கள்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தலையில் தண்ணீர் விழுந்தால் பிரமை தெளியும் என்பது பழைய நம்பிக்கை. கலங்கியவரை வீட்டார்தான் கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டும். அந்த வீட்டாருக்கும் அதே பிரமை இருந்துவிட்டால்? யாரை யார் அழைத்துச் செல்வது?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. 1877-ஆம் ஆண்டில் லாசேக், ஃபால்ரே என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். 'இருவரின் பைத்தியம்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஒருவருடைய பைத்தியம் மற்றவருக்கு எளிதில் தொற்றுவதில்லை என்றார்கள் அவர்கள். தொற்றுவதற்கு மூன்று காரணங்கள் கூடவேண்டும். ஒருவர் ஆளும் சுபாவமும், மற்றவர் அடங்கும் சுபாவமும் உள்ளவராக இருக்க வேண்டும். இருவரும் பிறர் கலப்பின்றி நெடுநாள் சேர்ந்து வாழவேண்டும். பிரமையும், 'இருந்தாலும் இருக்கலாம்' என்று தோன்றும்படி இருவரின் ஆசையையோ அச்சத்தையோ தொடவேண்டும். வரப்போகும் சொத்து, சூழ்ச்சி செய்யும் அண்டை வீட்டார் போன்ற கற்பனைகள் இப்படித்தான் வேர்விடுகின்றன. இருவரையும் பிரித்து வைப்பதே அவர்கள் சொன்ன சிகிச்சை.

தொலைதேசத்துக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2018 ஜூலை 1-ஆம் தேதி டில்லியில் புராரி என்ற பகுதியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 11 பேர் மாண்டு கிடந்தார்கள். அவர்களில் பள்ளிச் சிறுவர்களும் உண்டு. 2007-இல் குடும்பத் தலைவர் இறந்த பிறகு, அவர் தம் மகன் ஒருவர் வாயிலாகப் பேசுவதாக வீடே நம்பியது. அந்தக் கட்டளைகள் நோட்டுப் புத்தகங்களில் எழுதப்பட்டிருந்தன. சாவது அவர்கள் நோக்கமல்ல. சடங்கு முடிந்ததும் பிழைத்து எழுவோம் என்றே நம்பியிருந்தார்கள் என்று ஆராய்ந்த நிபுணர்கள் கருதினார்கள்.

அவர்கள் காட்டில் ஒளிந்து வாழ்ந்தவர்கள் அல்லர். கடை நடத்தினார்கள்; சில நாட்களுக்கு முன்புதான் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் செய்தார்கள். நல்ல குடும்பம், ஒற்றுமையான குடும்பம் என்று அக்கம்பக்கம் மெச்சியது. வாசற்கதவு திறந்திருந்தது; அந்த ஒரு நம்பிக்கையை மட்டும் உள்ளே பூட்டி வைத்திருந்தார்கள். 'இது சரிதானா?' என்று கேட்க வெளியார் ஒருவருக்கும் வழியில்லை.

பிரித்து வைத்தாலே பின்பற்றியவர் தெளிந்துவிடுவார் என்று முன்பு எண்ணினார்கள். சிலர் தெளிவதும் உண்டு. ஆனால் பிரிவு மட்டும் பலருக்குப் போதுவதில்லை என்பது பிற்கால அனுபவம். பிரமை முதலில் தோன்றியவருக்கு மருந்து வேண்டும்; தேவையானால் மற்றவருக்கும் வேண்டும். இருவருக்கும் பொறுமையான பேச்சும் வேண்டும். தெளிந்தவரின் துயரமும் சிறியதல்ல. தாயையோ அண்ணனையோ நம்பியதுதானே அவர் செய்த குற்றம்!

தாயிடமிருந்து மகளைச் சில வாரம் பிரித்து வைப்பது நமக்குக் கொடுமையாகத் தோன்றும். பாசம்தான் இந்த நோய் நடந்துவரும் பாதை என்று அறிந்தால் அப்படித் தோன்றாது. குற்றாலத்துத் தண்ணீர் பிரமையைத் தீர்க்காது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்து வேறு முகங்களைப் பார்ப்பதும், வேறு குரல்களைக் கேட்பதும் தெளிவின் தொடக்கம். அங்கிருந்து வைத்தியரிடம் அழைத்துச் செல்ல, அந்த வீட்டைச் சேராத ஒரு கை வேண்டும். அது நம்முடைய கையாகவும் இருக்கலாம்.