ஆலோசகரின் மேசைக்கு வந்துசேர்ந்த வேலைகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ஆலோசகரின் அறை பழகிய இடம். எந்தப் பாடம் எடுப்பது, எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது, உதவித்தொகைப் படிவத்தை எப்படி நிரப்புவது, வீட்டில் இருக்க முடியாத நிலை வந்தால் யாரிடம் சொல்வது என எல்லாவற்றுக்கும் அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். பிள்ளைகள் மீது பள்ளிக்கு இருந்த அக்கறையில் பிறந்த பதவி இது என்று யாருக்கும் தோன்றும். நூறாண்டுக் கதையைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. இந்தப் பதவி பெருகிய ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு வழிவிட்டது தொழிற்சாலையின் தேவை, அல்லது அரசின் அச்சம், அல்லது நிர்வாகத்தின் வசதி. மாணவரை அறிந்த ஒரு பெரியவர் அவருக்காக ஒதுக்கும் நேரம் இந்தக் கவலைகளின் இடுக்கில்தான் கிடைத்து வந்திருக்கிறது.

தொடக்கமே பள்ளிக்கு வெளியே நடந்தது. 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதியில், இத்தாலிய, யூதக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களுக்கு நடுவே, சிவிக் சர்வீஸ் ஹவுஸ் என்ற சமூக நிலையத்தில் பிராங்க் பார்சன்ஸ் ஒரு தொழில் ஆலோசனை நிலையத்தைத் திறந்தார். பணம் தந்தவர் பாலின் அகாசிஸ் ஷா என்ற கொடையாளர். பார்சன்ஸ் பொறியியல் படித்தவர், பிறகு வழக்கறிஞர், ஆசிரியர், சீர்திருத்த எழுத்தாளர். இத்தனை தொழில் மாறிய மனிதர்தான் பிறருக்குத் தொழில் தேர்ந்தெடுக்கக் கற்றுத்தந்தார் என்பது வேடிக்கைதான். இளம் வயதிலேயே பள்ளியை விட்டு, முதலில் அகப்பட்ட வேலையில் ஒட்டிக்கொண்டவர்கள் அந்தத் தெருக்களில் ஏராளம். நிலையத்துக்கு வந்தவர் தன்னைப் பற்றிய நீண்ட கேள்விப் பட்டியலுக்கு விடை எழுதினார். அதன் பிறகு ஆற அமரப் பேச்சு. தன்னை அறிவது, தொழில்களை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்பதே முறை. அவ்வாண்டு மே மாத அறிக்கையில் பார்சன்ஸ் காட்டிய கணக்கு 80 பேர்தான். செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அந்தச் சிறிய எண்ணிக்கைக்குள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும்.

ஆலோசனை பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் சுருங்கியது அந்த நேரம். பாஸ்டனில் ஆசிரியர்களையே ஆலோசகர்களாக நியமித்தார்கள். வகுப்புச் சுமையைக் குறைக்காமல் மேலதிகப் பொறுப்பாகத்தான் அது தரப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் தலைமையாசிரியராக இருந்த ஜெசி டேவிஸ் ஆலோசனையை ஆங்கிலக் கட்டுரை வகுப்போடு சேர்த்தார். தொழில், குணநலன் குறித்து மாணவர்கள் எழுத வேண்டும். நோக்கத்தில் பாதி ஒழுக்கப் போதனை. 1917இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்குக் கூட்டாட்சி அரசின் பணத்தைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் ராணுவம் 17 லட்சம் பேருக்கு நுண்ணறிவுத் தேர்வு நடத்தியது. போர் முடிந்ததும் அந்தத் தேர்வுமுறை பள்ளிக்கு வந்தது. மதிப்பெண் ஒன்று கையில் இருந்தால் நீண்ட பேச்சுக்கு அவசியமில்லை என்ற எண்ணம் நிர்வாகத்துக்குப் பிடித்துப்போயிற்று. ஆலோசகரின் தலையில் சம்பந்தமில்லாத நிர்வாக வேலைகள் ஏறுகின்றன என்று தொழில் வழிகாட்டல் அறிஞர் ஜார்ஜ் மையர்ஸ் 1924இலேயே எச்சரித்தார். பதவிக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

பெரிய பணம் வந்தது பயத்தால். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. ஓராண்டுக்குள் அதிபர் ஐசனாவர் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, தேர்வுகளுக்கும் ஆலோசகர்களுக்கும் அவர்களின் பயிற்சிக்கும் நிதி ஒதுக்கியது. அறிவியலுக்குத் தகுந்த மூளைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்துக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். சட்டத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருப்பது தற்செயல் அல்ல. ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959இல் 250 முதல் 300 மாணவருக்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

நோக்கம் எதுவானால் என்ன, கதவு திறந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ராக்கெட்டுக்காக நியமிக்கப்பட்டவரிடம் போய்த் தம் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி சேர்ந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சட்டத்தின் உள்நோக்கம் பொருட்டே அல்ல. ஆனால் தரம்பிரிக்க அமர்த்தப்பட்டவர் தரம்பிரிக்கத்தான் செய்வார். சமூகவியலாளர்கள் ஆரன் சிக்குரலும் ஜான் கிட்சூஸும் ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியை ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட நூல் காட்டியது அதைத்தான். கல்லூரிக்கு உகந்தவர் யார் என்ற முடிவு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுக்கப்படவில்லை. குடும்பத்தின் வர்க்கம், 'சிக்கலான பையன்' என்று கோப்பில் ஏறிய பெயர் ஆகியவையும் அதில் கலந்தன. உதவும் கையே வழியை அடைக்கவும் முடிந்தது.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. ஆட்களைக் கூட்டினால் எல்லாம் சரியாகுமே, வரலாறு எதற்கு? அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 பேருக்கு ஒருவர் என்கிறது. அண்மைக் கணக்குகளில் தேசிய சராசரி 370ஐத் தாண்டி நிற்கிறது. கோனன்ட் கேட்டதே இன்னும் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் மாசசூசெட்ஸ் பள்ளிப் பதிவுகளை வைத்து கிறிஸ்டின் மல்ஹெர்ன் செய்த ஆய்வு இதைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. திறமையான ஆலோசகர் கிடைத்த பிள்ளைகள் படிப்பை முடிப்பதும் கல்லூரி போவதும் கூடுகிறது. வசதி குறைந்தவர்களுக்குப் பலன் அதிகம். ஆனால் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்ற எண்ணை மட்டும் குறைப்பதால் வரும் பலன் அந்த அளவுக்கு இல்லை. என் வாதத்துக்கு இது எதிர்ச்சாட்சி போலத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்த இடத்தில் அட்டவணை வேலை வந்து உட்கார்ந்துகொண்டால் பேச்சுக்கான நேரம் எங்கிருந்து கூடும்? ஆலோசகரிடம் தரக்கூடாத வேலைகள் என்று அதே சங்கம் இன்று வெளியிடும் பட்டியலில் தேர்வு ஒருங்கிணைப்பு இருக்கிறது, பாட அட்டவணை போடுவது இருக்கிறது, பதிவேட்டு வேலை இருக்கிறது, வகுப்பறைகளிலும் பொது இடங்களிலும் மேற்பார்வை பார்ப்பதுகூட இருக்கிறது.