உப்புக் காற்றும் மக்னீட்டோவும்

சிலாபத்திலிருந்து முந்தல், மதுரங்குளி வழியாக வடக்கே வந்து, பாலாவிச் சந்தியில் மேற்கே திரும்பி, நுரைச்சோலையைக் கடந்து, கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையருகே முடிகின்ற வீதி, ஒருபுறம் சமுத்திரத்தையும் மறுபுறம் புத்தளம் களப்பையும் உடைய மணல் நிலத்தின் ஊடே செல்கிறது. இப்பிரதேசத்தின் சரித்திரத்தைச் சொல்ல வந்தவர்கள் 1344ஆம் ஆண்டளவில் இங்கு வந்திறங்கிய இபின் பதூதாவைப் பற்றியும், உப்பளங்களைப் பற்றியும், ஒல்லாந்தர் கால்வாயைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த மணல் வீதிகளில் ஓடிய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களையும், அவற்றின் தடுமாறும் ஓட்டத்தைக் காதால் கேட்டே காரணம் கண்ட மெக்கானிக்குகளையும் பற்றி எழுதுவார் அருமை. அந்த வித்தையும் உப்பளத் தொழிலைப் போலவே இக்கரையின் இயற்கையிலிருந்து பிறந்தது என்பதே என் துணிபு.

ரயில் பாதை 1926இல் புத்தளம் நகரை எட்டியபோதிலும், தென்னந்தோட்டங்களும் மீனவர் வாடிகளும் சிதறிக் கிடந்த உட்பகுதிகளை அது எட்டவில்லை. அவ்விடங்களுக்குப் போய்வர வேண்டிய தோட்டத்துரைமாருக்கும் உத்தியோகத்தருக்கும் மோட்டார் சைக்கிள் ஏற்ற வாகனமாயிற்று. பின்னர் இரண்டாம் உலக மகாயுத்தம் வந்தது. பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு புத்தளத்தில் ‘ராஜாளிய’ என்ற பெயரில் ஒரு தளத்தை நடத்திற்று. கோர்செயார் யுத்த விமானங்களை யானையைக் கட்டி இழுத்த அக்காலப் புகைப்படங்கள் அதன் ஞாபகமாக எஞ்சியுள்ளன. அந்த யுத்தத்தில் பிரித்தானியப் படைகளுக்கென பேர்மிங்ஹாம் நகரத்து பி.எஸ்.ஏ. தொழிற்சாலை 120,000க்கு மேல் தயாரித்துக் கொடுத்த எம்-20 என்னும் 500 சிசி வண்டி, அமுக்க விகிதம் குறைந்ததாகையால், தரங்குறைந்த பெற்றோலையும் பொறுத்துக்கொண்டு ஓடியது. 1948இல் வெளிவந்த பாண்டம் என்ற 125 சிசி சிறுவண்டியோ, யுத்தத்தில் தோற்ற ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனத்து வடிவமைப்பை நஷ்டஈடாகப் பெற்று ஆக்கப்பட்டது.

இவ்வண்டிகளிற் பெரும்பாலானவை மின்பொறிக்கு பற்றரியை நம்பியவை அல்ல. மக்னீட்டோ என்னும் கருவி எஞ்சினோடு சுழன்று தானே மின்சாரம் உண்டாக்கிப் பிளக்குக்கு அனுப்பும். மின்சாரமே எட்டாத கிராமங்களில் இது பேருபகாரமாயிற்று. ஆயினும் இக்கரையில் அந்த வண்டிகளுக்கு நேர்ந்த துன்பத்தின் மூலமும் அதுவேயாம்.

வண்டி ‘மிஸ் அடிக்கிறது’ என்று உரியவர் கொண்டுவந்து நிறுத்தியதும், நல்ல மெக்கானிக் செய்யும் முதற்காரியம் பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பார்ப்பது. காய்ந்த கரியாகக் கறுத்திருந்தால் காபரேட்டர் பெற்றோலை மிகையாகக் கொடுக்கிறது. வெளிறியிருந்தால் பெற்றோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று உட்புகுகிறது. எண்ணெய் ஈரமாயிருந்தால் பிஸ்டன் வளையங்களோ வால்வின் வழிகளோ தேய்ந்திருக்கின்றன. இத்தனையும் எந்தத் தேசத்துக்கும் பொது. கற்பிட்டிக் கரைக்கே உரிய விசேஷம் இதற்கப்பால் இருக்கிறது. சோழகக் காற்று வீசுகின்ற மாதங்களில் கடலிலிருந்து எழும் உப்புத்துளியும் களப்போரத்து நுண்மணலும் கலந்து வந்து இயந்திரத்தின் ஒவ்வோர் இடுக்கிலும் படிகின்றன. உப்போ ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் இயல்பினது. பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தோடு பிளக்கை நோக்கி ஓடவேண்டிய மின்சாரம், கம்பியின் மேலும் பேக்கலைற்று மூடியின் மேலும் படிந்த அந்த ஈர உப்பையே எளிய வழியாகக் கண்டு, உலோக உடலுக்குள் இறங்கிப் போய்விடுகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், கம்பியோரத்தில் நீலப்பொறிகள் ஊர்வதைக் கண்ணாலேயே காணலாம். இதைவிடச் செலவற்ற பரிசோதனை வேறில்லை.

இன்னொரு குறை நுட்பமானது. குளிர்ந்த எஞ்சின் ஒரே உதையில் உயிர்பெற்று, சில மைல் ஒழுங்காக ஓடி, சூடேறியதும் தயங்கி, இருமி, நின்றுவிடும். மரநிழலில் சிறிது நேரம் நிறுத்தினால் மறுபடியும் ஓடும். அனுபவமில்லாதவர் இதைக் காபரேட்டரின் குற்றமென்று எண்ணி, ஜெற்றையும் ஊசியையும் மாற்றி மாற்றிப் பொழுதைப் போக்குவர். உண்மையில், மக்னீட்டோவின் சுருளில் பூசிய அரக்குப் பூச்சு ஆண்டுகளால் நைந்து ஈரம் உறிஞ்சியிருப்பதும், உள்ளேயிருக்கும் கொண்டென்சர் சூட்டில் சோர்வதுமே பெரும்பாலும் அதற்குக் காரணம். பொயின்ட் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்காக வைத்து, முனைகளைத் துப்புரவாக்கியும் குறை நீங்காவிட்டால், சுருளை மறுபடி சுற்றுவதன்றி வேறு மார்க்கமில்லை.

இவ்வண்டிகளின் அமால் காபரேட்டர் குற்றமற்றதென்று நான் வாதிக்கவில்லை. ஏறியிறங்கி அதன் சிலைட் தேய்வதும், பைலட் துவாரத்தை மணல் அடைப்பதும், சிலிண்டரோடு சேரும் முகப்பு வளைந்து காற்று புகுவதும் இங்கு சகஜம். அந்த முகப்பில் சிறிது எண்ணெய் தடவி, எஞ்சினின் சத்தம் மாறுகிறதா என்று கவனித்தால் காற்றுக் கசிவு வெளிப்பட்டுவிடும். ஆனால் மக்னீட்டோவின் நிரபராதம் நிச்சயமாகும் வரை காபரேட்டரைத் தொடலாகாது என்பதே உப்புக் கரைக்குரிய முறை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியவன் எது பலித்தது என்று ஒருநாளும் அறியமாட்டான்.

இந்த வித்தையைக் கூர்மையாக்கியது வறுமை என்றே சொல்லவேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசாங்கம் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. புதிய வண்டியும் அரிது, உதிரிப்பாகமும் அரிது. 1973இல் பி.எஸ்.ஏ. நிறுவனமும் நிலைகுலைந்து நோர்ட்டன் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. ஆக, பணமிருந்தாலும் பாகம் வாங்க இடமில்லை என்ற நிலை உருவாயிற்று. பாகத்தை மாற்றிப் பார்த்துக் குறையறியும் சோம்பேறி முறைக்கு அங்கே இடமிருக்கவில்லை; தீர யோசித்துக் காரணத்தை நிச்சயித்த பின்னரே லேத்துக்கு ஒரு துண்டைக் கொடுக்க முடிந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, ஜப்பானிய வண்டிகள் பெருகி வந்தன. அவை ஈரத்தைத் தாங்கின; அவற்றிற் பழுதும் குறைவு. மக்கள் அவற்றை நாடியது நியாயமே.

ஆயினும் பழைய வண்டிகள் சில இன்றும் தென்னந்தோட்டக் கொட்டில்களில் கிடக்கின்றன. அவற்றை உடையோர் மக்னீட்டோவைக் கழற்றி எறிந்து பற்றரி முறைக்கு மாற்றுவதற்கு முன், சுருள் சுற்றத் தெரிந்த ஒரு முதியவரிடம் காட்டுமாறு வேண்டுகிறேன். அவர் கைவேலையின்போது சொல்வதைப் பக்கத்திலிருந்து ஒரு கொப்பியில் எழுதி வைக்குமாறு, அவரிடம் தொழில் பழகும் இளைஞரையும் வேண்டுகிறேன்.