கைநாட்டும் கையெழுத்தும்: கோலார் தங்கவயலில் நம் பெற்றோர் வாழ்ந்த வரலாறு

ஒரு சமுதாயம் தன் வரலாற்றை அறிய முற்படும்போது நூலகத்தையே முதலில் நாடும். அரசர்தம் கல்வெட்டுகளும் ஆட்சியாளர்தம் அறிக்கைகளும் அங்கே நிறைந்திருக்கும். ஆனால், நம்மைப் பெற்று வளர்த்தவர்களின் பெயர்கள் அவற்றில் காணப்படுவதில்லை. அவர்கள் வாழ்ந்த இடங்களுக்கே சென்று, அவர்களுடன் உழைத்து இன்றும் உயிரோடிருக்கும் முதியவர்களைக் கேட்டாலன்றி அவ்வரலாறு துலங்காது. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவை முன்னிட்டு, யாம் பிறந்து வளர்ந்த கோலார் தங்கவயலுக்கும், எம் பாட்டனார் பிறந்த குடியாத்தம் வட்டத்துச் சிற்றூருக்கும் சென்று அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். இது ஒரு குடும்பத்தின் செய்தியேயாயினும், நம் உறுப்பினர் பலருடைய குடும்பங்களுக்கும் பொதுவானதாகும்.

பொன்னுக்கு எழுதப்பட்ட வரலாறு

தங்கவயலின் வரலாறு எழுதப்படாததன்று. 1870களில் மைக்கேல் லாவெல்லி என்னும் அயர்லாந்து நாட்டு முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்று அங்கே சுரங்கம் தோண்ட முற்பட்டார். 1880இல் இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனி வந்து சேர்ந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து, சுரங்க இயந்திரங்களுக்குக் கொண்டுவந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 1965இல் நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பற்றி அறிவியலார் நிகழ்த்திய புகழ்பெற்ற ஆய்வும் அச்சுரங்கத்தின் ஆழத்தில்தான் நடந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. அதற்குள் 800 டன் அளவுக்குப் பொன் வெளிவந்திருந்தது.

இவையனைத்தும் நூல்களில் உள்ளன. அப்பொன்னை வெட்டி மேலே ஏற்றியவர் யார்? வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் பேசும் உழைப்பாளிகளே அவர்களுள் மிகப் பலர். அவர்களுள்ளும் பாறையை உடைக்கும் அடிநிலைப் பணியில் நின்றோர் பெரும்பாலும் நம்மவர்களே. இவர்களைப் பற்றி நூல்கள் தொகையாகப் பேசுகின்றனவேயன்றிப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை.

சேரியிலிருந்து சுரங்கத்திற்கு

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் நிலமற்றோரையே முதலில் கொன்றது. பிழைத்தவர்கள் கடனுக்குப் பண்ணையாட்களாயினர். எம் பாட்டனாரின் தந்தையாரும் அவ்வாறு ஆனவரே. அச்சிற்றூருக்கு யாம் சென்றபோது, உறவுமுறையில் எமக்குத் தமையனாராகிய ஒரு பெரியவர், ஊருக்கு வெளியே ஏரிக்கால்வாயை அடுத்துக் குடிசை இருந்த இடத்தைக் காட்டினார். நில ஆவணம் எதிலும் எம் முன்னோர் பெயர் இல்லை. அவர்களுடைய அடையாளம் பதிந்திருந்த ஒரே காகிதம் கடன் சீட்டுதான். அதில் இருந்ததும் பெயரன்று, கைநாட்டு. "தாத்தா வச்ச கைநாட்டுக்குப் பேரன் வரைக்கும் ஏர் ஓட்டினாங்க தம்பி. எவ்ளோ வாங்கினாரு, எவ்ளோ கட்டினாருன்னு படிச்சுப் பாக்க நம்ம பக்கத்துல ஆள் இல்ல" என்றார் அப்பெரியவர்.

அக்கடனை விட்டு ஓர் இரவில் புறப்பட்ட எம் பாட்டனார், குடியாத்தத்தில் இரயிலேறி, ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை வழியே மாரிக்குப்பம் சேர்ந்தார். ஊரில் குனிந்து நின்றவருக்கு அங்கே கூலி காசாகக் கிடைத்தது. ஆயினும் அது விடுதலையாகிவிடவில்லை. மூங்கில் தட்டிகளால் அடைத்த ஒற்றையறை வீடு. பூமிக்கடியில் தாங்கவொண்ணா வெப்பம். மேலே வந்ததும் பொன்னை மறைத்து வைத்திருக்கிறாரா என்று உடல் முழுதும் சோதனை. ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரலில் கல்தூள் படிந்து மூச்சைத் திணறச் செய்யும் சிலிகோசிஸ் நோய். இவற்றின் நடுவே ஒரு தலைமுறை வாழ்ந்தது.

1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தம்

1930இல் தொழிலாளர் ஒவ்வொருவருடைய விரல்ரேகையையும் பதிவு செய்ய வேண்டுமென்ற ஏற்பாடு வந்தது. விரல்ரேகை எடுப்பது குற்றவாளிகளுக்குரிய முறை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அவமதிப்பை ஏற்க மறுத்து, பல்லாயிரம் தொழிலாளர் சுரங்கத்தில் இறங்காமல் நின்றனர். அவ்வேலைநிறுத்தம் சில வாரங்கள் நீடித்தது. கூலி உயர்வுக்காக மட்டுமன்றி மானத்துக்காகவும் நம்மவர் நின்றனர் என்பதற்கு அது சான்றாகும்.

எம் பாட்டனாரும் அதில் நின்றவர் என்பதைச் சாம்பியன் ரீப் லைன் வீடுகளில் வாழும் ஒரு முதியவரிடமிருந்தே இப்போது கேட்டறிந்தோம். பாட்டனார் எக்காகிதத்திலும் விரல் பதிக்க உடன்படாதவர் என்று வீட்டில் பேசிக்கொள்வதுண்டு. கிராமத்துக் கடன் சீட்டையும் சுரங்கத்து விரல்ரேகைப் பதிவேட்டையும் சேர்த்து எண்ணினால், அவ்வுறுதியின் வேர் விளங்குகிறது. ஒரு கைநாட்டு அவர் குடும்பத்தை இரண்டு தலைமுறை கட்டிவைத்திருந்தது. மற்றொரு கைநாட்டுக்கு அவர் இடந்தரவில்லை.

எழுத்து வந்த வழி

எதிர்த்து நின்றவர்கள் எழுத்தையும் நாடினர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதரின் இயக்கம் மாரிக்குப்பத்தில் ஆழ வேரூன்றியது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய இதழ் பின்னர் 'தமிழன்' என்னும் பெயரால் விளங்கியது. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் காசு சேர்த்து இதழ் நடத்தினர். ஒருவர் படிக்கப் பலர் சுற்றியமர்ந்து கேட்டனர். கல்வி என்பது பிறர் நமக்கு அளித்த கொடை என்று எண்ணும் இளைஞர்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

எம் தந்தையார் இந்தச் சூழலில் வளர்ந்தவர். அவர் அதிகம் பேசாதவர். சுரங்கத்தைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் சொல்லாதவர். எம்மைப் பள்ளியிற் சேர்ப்பதற்கு முன்பே, அகரமும் ஆகாரமும் கற்பிக்காமல், எம் பெயரை முழுமையாகப் பலகையில் எழுதப் பழக்கினார். வரிசைமுறை தவறிய இக்கல்வியின் காரணத்தை அவர் சொன்னதில்லை. அவருடன் ஒரே ஷிப்டில் இறங்கிய அம்முதியவர் சொன்னார்: "உங்கப்பா இருபது வயசுக்கு மேலதான் ராப்பள்ளியில கையெழுத்துக் கத்துக்கிட்டாரு. அப்புறம் எங்க லைன்ல பத்துப் பன்னெண்டு பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்தாரு. கைநாட்டு வச்சா குடுத்ததை வாங்கிக்கணும். கையெழுத்துப் போட்டா எவ்ளோன்னு படிச்சுப் பாத்து வாங்கலாம்னு சொல்லுவாரு." தந்தையாரின் மௌனத்துக்குள் இத்தனை பெரிய பணி இருந்தது.

தாய்மார் பட்ட துயர்

தந்தையரைப் பற்றிக் கூறி, தாய்மாரை விட்டுவிடுதல் முறையன்று. ஆழத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதைத் தங்கவயலார் 'ஏர் பிளாஸ்ட்' என்பர். அப்போது மேலே வீடுகளும் அதிரும், பாத்திரங்கள் உருளும். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏந்திச் சாப்டின் வாயிலுக்கு ஓடுவர். யார் மேலே வருவார், யார் வரமாட்டார் என்பது கேஜ் ஏறி வரும்வரையில் தெரியாது.

எம் தாயார் எப்போதும் வாசற்படியில் அமர்ந்தே அரிசி புடைப்பார், கீரை ஆய்வார். பிற்காலத்தில் குடியாத்தத்திற்குக் குடிபெயர்ந்த பின்னரும், யாம் கல்லூரியிலிருந்து திரும்பும்வரை படியை விட்டு எழமாட்டார். யாம் வாழ்ந்த லைன் வீடு இன்று கூரையிழந்து நிற்கின்றது. வாசற்படி மட்டும் உள்ளது. அதில் அமர்ந்து பார்த்தால், சாப்டின் மேலுள்ள பெரிய இரும்புச் சக்கரம் நேரே தெரிகின்றது. சக்கரம் சுழன்றால் கேஜ் இயங்குகிறது என்று பொருள். வேளையல்லா வேளையில் நின்றால் கீழே ஏதோ நேர்ந்தது என்று பொருள். தாயார் அச்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே தம் இளமையைக் கழித்திருக்கிறார். அந்த இடத்தில் அமராமல் இந்தப் பழக்கத்தின் பொருளை யாரும் உணர்ந்துவிட முடியாது. அச்சக்கரம் இப்போது அசைவற்று நிற்கின்றது. தங்கவயலின் இளைஞர்கள் பிழைப்பைத் தேடி, விடியலுக்கு முன்பே பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர்.

இளைஞர்களுக்கு

அன்பார்ந்த இளைஞர்களே! நம் முன்னோர் துன்புற்றனர் என்பதை மட்டும் அறிந்து வைத்திருத்தல் போதாது. துன்பத்தின் நடுவே அவர்கள் என்ன செய்தனர், எதனை மறுத்தனர், எதனைக் கற்றனர் என்பதையும் அறிதல் வேண்டும். தங்கவயலாயினும், தேயிலைத் தோட்டமாயினும், தோல் பதனிடும் கொட்டகையாயினும், உங்கள் பெற்றோர் உழைத்த இடத்திற்கு, அவர்களுக்கு நடக்க இயலும்போதே அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பேசாத பெற்றோர் அவ்விடத்தில் பேசுவர். அவர்கள் சொல்வதை ஊர், ஆண்டு, பெயர் ஆகியவற்றுடன் குறித்து வையுங்கள். பழைய பெட்டிகளில் கிடக்கும் வேலைச் சீட்டையும், சம்பளச் சீட்டையும், பணிக்கொடைக் கடிதத்தையும் கரையானுக்கு விடாதீர்கள். அவற்றின் படிகளைப் பாதுகாக்க நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குதல் வேண்டுமெனச் செயற்குழுவை வேண்டிக்கொள்கின்றோம்.

லைன் வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து வருகின்றன. அவற்றில் வாழ்ந்து செய்தி சொல்லக்கூடிய முதியவர்களும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஒருவரும் இரார். கைநாட்டை மறுத்து நின்றவர்களின் பேரர்கள் நாம்; கையெழுத்தைப் போராடிக் கற்றவர்களின் பிள்ளைகள் நாம். அவர்கள் தந்த எழுத்தைக் கொண்டே அவர்கள்தம் பெயர்களை எழுதி வைப்பது நம் நீங்காக் கடனாகும்.