புள்ளலூர்: இரண்டு தூண்களும் ஒரு கஞ்சித் தொட்டியும்

போர்க்களம் பார்க்கப் புள்ளலூர் போகிறேன் என்றதும், காஞ்சிபுரத்தில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா தார் சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டார்: "அங்க என்னா இருக்குது? நெல்லுதான் போட்டிருப்பாங்க." நெல்தான் போட்டிருந்தார்கள். நடவு முடிந்த வயல், வரப்பு, ஏரிக்கரை. அவற்றுக்கு நடுவே கூர்நுனி கொண்ட இரண்டு தூண்கள். 1781 ஆகஸ்ட் 27 அன்று நடந்த சண்டையில் செத்த கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப், லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன் என்ற இரு கம்பெனி அதிகாரிகளின் நினைவுச் சின்னங்கள் அவை. அத்தனை போர் நடந்த மண்ணில் பெயரோடு நிற்பவர்கள் இவர்கள் இருவர்தான்.

இந்த ஊர் போருக்குப் பழகியது. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. பல்லவன் காஞ்சி மதிலுக்குள் போய் ஒளிந்துகொண்டான் என்கிறது 634-ஆம் ஆண்டின் சாளுக்கிய அய்ஹொளெ கல்வெட்டு. இரண்டு பக்கமும் வெற்றி. மிதிபட்ட வயலில் மறுபடி நாற்று நட்டது யார் என்பது இரண்டிலும் இல்லை.

நம் பாடப்புத்தகங்கள் சொல்வது 1780 செப்டம்பர் 10-ஐ. கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் இங்கே சுற்றி வளைத்தார்கள். மைசூரின் இரும்புக்குழல் ராக்கெட்டுகள் பாய்ந்தன, கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. சில மணி நேர நடைதூரத்தில், காஞ்சிபுரத்தில், பக்சார் போரை வென்ற ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு இருந்தார். சேர்த்துவைத்த தானியத்தையும் பீரங்கிகளையும் விட்டுப் போக மனமில்லாமல் அவர் வரவில்லை. மறுநாள் அதே பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். கம்பெனிக்கு இந்தியாவில் அதுவரை கிடைத்திராத அடி இது. படிக்கும்போது எனக்கும் மகிழ்ச்சிதான், அதை மறைப்பானேன்.

ஆனால் இந்த வெற்றியைத் திப்பு எப்படி வரையச் சொன்னார் என்று பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர் போர் பெரிய ஓவியமாக விரிகிறது. பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். மைசூர் வீரர்களுக்கு முறுக்கிய மீசை, தாடி. வெள்ளையருக்கு மழுங்கச் சிரைத்த முகம், சிவந்த கன்னம். பெண்களைப் போல வரைந்திருக்கிறார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சிறைப்பட்ட ஆங்கிலேயச் சிறுவர்கள் சிலருக்குத் தாசிகளின் உடை அணிவித்து ஆடப் பழக்கினார்கள் என்று, அங்கே பத்தாண்டு கைதியாக இருந்த ஜேம்ஸ் ஸ்கரி எழுதிவைத்தார். எதிரியைத் தோற்கடித்தது போதாது, அவனைப் பெண்ணாகவும் காட்ட வேண்டியிருந்தது. பாவாடை கட்டுவதைவிடப் பெரிய அவமானம் ஓர் ஆணுக்கு இல்லை என்பதில் மைசூரும் இங்கிலாந்தும் ஒன்றுபட்டிருந்தன. ராக்கெட்டைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இதைப் பேசுவதில்லை.

சரி, பெண்ணைப் போலக் காட்டப்பட்டவர்கள் இருக்கட்டும். பெண்கள் எங்கே இருந்தார்கள்? படைக்குப் பின்னால் இருந்தார்கள். அக்காலப் படை தனியாக நகராது. சிப்பாய்களின் மனைவி மக்கள், சமைப்பவர்கள், புல் அறுப்பவர்கள் எல்லாரும் கூடவே நடந்தார்கள். செத்தவர் கணக்கில் துப்பாக்கி பிடித்தவர் மட்டும்தான் வருவார்.

மற்ற பெண்கள் ஊர்களில் இருந்தார்கள். கம்பெனிக்குச் சோறும் வரியும் கிடைக்கக் கூடாதென்று ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களைக் கொளுத்தியது. உழவர்களும் நெசவாளர்களும் ஓடினார்கள். குழித்தறியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பிள்ளையைத் தூக்கலாம், ஒரு பானையைத் தூக்கலாம். அப்படி வந்தவர்கள் சேர்ந்த இடம் சென்னை. அங்கேயும் அரிசி இல்லை. 1782 அக்டோபரில் அடித்த புயலில், துறையில் நின்ற அரிசிக் கப்பல்களும் உடைந்துபோயின.

அந்தப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் ஒரு சத்திரம் வந்தது: மணியக்காரர் சத்திரம். பிறகு அங்கே நோயாளிகளையும் பார்த்தார்கள். இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். புள்ளலூர் போருக்கு நினைவுச் சின்னம் என்று நான் காட்டுவதானால் இதைத்தான் காட்டுவேன். வடசென்னையில் வயதான பெண்கள் அதை ஸ்டான்லி என்று சொல்வதில்லை. மகளைப் பிரசவத்துக்கு எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள்.