மன்றம்தான் பள்ளிக்கூடம்

உள்ளாட்சி எதற்கு என்ற கேள்விக்கு ரிப்பன் பிரபு 1882 மே 18-ம் தேதி தீர்மானத்தில் பதில் சொல்லியிருக்கிறார். நிர்வாகம் செம்மைப்படுவது அதன் முதல் நோக்கம் அல்ல; மக்கள் அரசியல் பழகுவதே முதல் நோக்கம். தொடக்கத்தில் தவறுகள் நேரும் என்பதையும் அந்தத் தீர்மானம் ஒப்புக்கொண்டது. சென்னை மாநகராட்சிக்காக அவர் பெயரைத் தாங்கி 1913-ல் எழுந்த ரிப்பன் மாளிகை அந்தப் பாடம் நடந்த இடம். மாநகராட்சி மன்றத்தில் சுமார் நாற்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்து தொழில் பழகியவர் பிட்டி தியாகராயர். 1920-ல் மன்றத் தலைவரானதும் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதற்கு அந்த அனுபவம்தான் கைகொடுத்தது. 1939-ல் மேயரான சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்காக வாதாடினார்; 1940-ல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மூத்தவர்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள்.

1973-ல் அந்தப் பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது. மஸ்டர் ரோல் ஊழல் வெடித்து மன்றம் கலைக்கப்பட்டது. பிறகு தனி அலுவலர் ஆட்சி. அடுத்த தேர்தல் 1996-ல், 23 ஆண்டு கழித்து. எங்கள் தரமணி எழுபதுகளின் இறுதியில்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. சேர்ந்த நாளிலிருந்து 1996 வரை இந்த ஊருக்கு என்று ஒரு கவுன்சிலரே கிடையாது. சாக்கடை அடைத்தால் அதிகாரியிடம் மனு கொடுப்போம், காத்திருப்போம்.

1996-ல் நான் மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலையில் இருந்தேன். புதிதாக ஜெயித்து வந்தவர்களில் பலர் இளைஞர்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழைய கவுன்சிலர்தான் இல்லை. ஒரு பெண் கவுன்சிலர் தம் வார்டு மழைநீர் வடிகாலின் எம்-புக்கைக் கேட்டு வாங்கினார். நீளம், அகலம், ஆழம் என்று பத்தி பத்தியாகப் போகும் அளவுப் புத்தகம் அது. எந்த எண்ணை எதோடு பெருக்கினால் கன மீட்டர் வரும், அந்தக் கன மீட்டர் எப்படி பில் தொகையாகிறது என்று காட்டினேன். மறுநாளே டேப்போடு தெருவுக்கு வந்துவிட்டார். வடிகாலை அளந்து, புத்தகத்தில் இருக்கும் ஆழம் தரையிலும் இருக்கிறதா என்று பார்த்தார். அன்று முதல் எங்கள் ஆட்களும் அவர் முன் கவனமாக அளந்தார்கள்.

மன்றத்தைக் கவிழ்த்த மஸ்டர் ரோல் என்ன? அன்றாடக் கூலியாட்களின் பெயரும் வருகையும் எழுதும் தாள்தான். அதைப் படிக்கத் தெரிந்த கவுன்சிலர் வார்டுக்கு ஒருவர் இருந்தால், வராத ஆளுக்குக் கூலி எழுதுவது அத்தனை சுலபமில்லை. இளைஞர்களுக்கு முதலில் தரவேண்டிய பயிற்சி இதுதான் என்பேன். மேடைப் பேச்சு அவர்களுக்கே வரும்.

இப்போது பயிற்சிக்கு நிறுவனங்கள் உண்டு: கோவையில் தமிழ்நாடு நகரியல் பயிற்சி நிறுவனம், ஊராட்சிகளுக்கு மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில நாள் வகுப்பு மன்ற அனுபவத்துக்கு ஈடாகாது. அந்த அனுபவமோ 2016-ல் தேர்தல் நடக்காமல் மறுபடி அறுந்தது. 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல். பெண்களுக்குப் பாதி இடம், 200 வார்டு, 28 வயதில் மேயரான ஆர். பிரியா. எவ்வளவு இளமையான மன்றம்! தரமணி உட்பட எத்தனையோ வார்டுகளில் இன்னொரு தலைமுறை பாலபாடத்திலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

அரசுக்கு என் வேண்டுகோள்: மன்றத்தின் ஐந்தாண்டு முடியும்போது தள்ளிப்போடாமல் தேர்தலை நடத்துங்கள். தரமணிவாசிகளுக்கும் ஒன்று சொல்வேன். வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக்குப் போய் உட்காருங்கள். உங்கள் தெரு வேலையின் மதிப்பீட்டைக் கேளுங்கள். கவுன்சிலருக்கு அது புரியவில்லையென்றால் கோபப்படாதீர்கள், சேர்ந்து படியுங்கள்.